சென்னையிலிருந்து லண்டன்: தூரமும் பயண நேரமும் நீங்களே கணக்குப் போட முழுமையான வழிகாட்டி

சென்னையிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம் என்று தேடினால் 8,200 சொச்சம் கிலோமீட்டர் என்று வரும். பயண நேரம் என்று தேடினால் ஓரிடத்தில் 10 மணி நேரம், இன்னோரிடத்தில் 11, டிக்கெட் விற்கும் தளத்துக்குப் போனால் 15, 19, 26 என்று வரிசையாக நிற்கும். இதில் எதுவும் பொய் இல்லை, ஒவ்வொன்றும் ஒவ்வொன்றை அளக்கிறது, அவ்வளவுதான். முதல் முறையாக மகனையோ மகளையோ பார்க்கப் போகும் பெற்றோர், படிக்கப் போகும் பிள்ளைகள், இவர்களெல்லாம் அந்த எண்களை நம்பித்தான் டிக்கெட் எடுக்கிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்தப் பயணத்தில் உங்கள் நேரத்தைச் சாப்பிடுவது கிலோமீட்டர் இல்லை. காற்று, மூடிக்கிடக்கும் வான்வழி, தரையில் காத்திருக்கும் நேரம், இந்த மூன்றும்தான். கணக்கைப் போட்டுப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

படி 1: நேர்த் தொலைவைக் கண்டுபிடிப்பது

விமானத் தொலைவு என்றால் ஊருக்கு ஊர் இல்லை, விமான நிலையத்துக்கு விமான நிலையம். சென்னைக்கு மீனம்பாக்கம், லண்டனுக்கு ஹீத்ரோ என்று எடுத்துக்கொள்வோம் (லண்டனைச் சுற்றி காட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் என்று வேறு நிலையங்களும் உண்டு, டிக்கெட்டில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்). மீனம்பாக்கம் வடக்கு 12.99 பாகை, கிழக்கு 80.17 பாகை. ஹீத்ரோ வடக்கு 51.47, மேற்கு 0.45.

பூமி உருண்டை என்பதால் இரண்டு இடங்களுக்கு நடுவே மிகக் குறுகிய வழி ஒரு பெருவட்டத்தின் துண்டாக இருக்கும். பள்ளியில் படித்த சைன், கொசைன் போதும். முதலில் தீர்க்கரேகை வித்தியாசம்: ஒன்று கிழக்கு, ஒன்று மேற்கு என்பதால் கூட்ட வேண்டும், 80.17 + 0.45 = 80.62. அப்புறம் இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள், 0.1758 வரும். அவற்றின் கொசைன்களைப் பெருக்கி அதோடு 80.62-இன் கொசைனையும் பெருக்குங்கள், 0.0989 வரும். இரண்டையும் கூட்டினால் 0.2748 (கடைசி இலக்கம் ஒன்று முன்னே பின்னே வரலாம்). இதற்குத் தலைகீழ் கொசைன் எடுத்தால் 74.05 பாகை. ஒரு பாகைக்குச் சுமார் 111.2 கிலோமீட்டர், ஆக 8,234. போனைப் படுக்கைவாக்கில் திருப்பினால் வரும் கால்குலேட்டரே இதைச் செய்யும், ஆனால் அது பாகையில் இருக்கிறதா ரேடியனில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள், ரேடியனில் இருந்தால் விடை கண்டபடி வரும்.

கணக்கு பிடிக்காதவர்கள் கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற தளத்தில் இரண்டு நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீட்டைக் கொடுத்தால் போதும். சென்னைக்கு எம்ஏஏ, ஹீத்ரோவுக்கு எல்ஹெச்ஆர்.

இந்தக் கோடு எந்த ஊர்களுக்கு மேலே போகிறது என்று பார்த்தால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சுவரில் மாட்டும் தட்டையான உலகப்படத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் நடுப்புள்ளி சிரியா-ஈராக் எல்லைப் பக்கம் விழும். உண்மையான குறுகிய வழியின் நடுப்புள்ளி காஸ்பியன் கடலில், அஜர்பைஜானின் பாகு நகருக்குத் தெற்கே இருக்கிறது. உருண்டை வடிவ குளோப் கையில் இருந்தால் ஒரு நூலை எடுத்து இரண்டு ஊர்களையும் தொட்டு இழுத்துப் பிடியுங்கள், நூல் தானாக வடக்கே ஒதுங்குவதைப் பார்க்கலாம். தட்டைப் படத்தில் போட்ட கோட்டின்படியே பறந்தால் சுமார் 250 கிலோமீட்டர் கூடுதல்.

படி 2: விமானம் உண்மையில் போகும் வழி

அந்த நூல் தொடும் நாடுகளை வரிசையாகச் சொல்கிறேன்: இந்தியா, பாகிஸ்தானின் சிந்து-பலுசிஸ்தான் பகுதி, ஆப்கானிஸ்தானின் தென்மேற்கு மூலை, ஈரான், காஸ்பியன், காகசஸ் மலைகள், ரஷ்யாவின் தென்முனை, அசோவ் கடல், உக்ரைன், மால்டோவா, அதன்பிறகு மத்திய ஐரோப்பா. இந்தப் பட்டியலைப் படித்தாலே சிக்கல் புரிந்துவிடும். உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி 24-இல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. அதைத் தொடர்ந்து பிரிட்டனும் ரஷ்யாவும் ஒன்றின் விமானங்களுக்கு மற்றது கதவடைத்தன. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமான நிறுவனங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது, இந்தியாவும் அதே மாதக் கடைசியில் பதிலுக்கு மூடியது, இரண்டு பக்கமும் மாதாமாதம் நீட்டித்துக்கொண்டே போனார்கள். பாலாகோட் தாக்குதலுக்குப் பிறகு 2019-லும் சில மாதங்கள் இதேபோல நடந்தது. ஈரான், ஈராக் பக்கம் பதற்றம் கூடினால் அதுவும் திடீரென்று அடைபடும்.

அதனால் விமானம் பெரும்பாலும் அரபிக்கடலைத் தாண்டி, வளைகுடாவை ஒட்டி, துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைகிறது. பூமியின் குறுகிய வழியை விட்டுவிட்டு, பழைய தட்டைப் படத்தின் கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. எனவே நேர்த் தொலைவோடு 5 முதல் 8 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். நான் 6 வைத்துக் கணக்குப் போடுவேன், 8,730 கிலோமீட்டர் வரும். நிலவரம் மோசமாக இருக்கும் நாட்களில் இதுவும் போதாது. துல்லியம் வேண்டுமென்றால் பிளைட்ரேடார்24 தளத்தில் நீங்கள் ஏறப்போகும் விமானத்தின் எண்ணைப் போட்டு, கடந்த ஒரு வாரம் அது எந்த வழியாகப் போனது, எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கியது என்று பாருங்கள். டிக்கெட்டில் அச்சடித்த நேரத்தைவிட இது நம்பகமானது.

படி 3: வேகமும் காற்றும்

போயிங் 787 போன்ற விமானம் ஒலியின் வேகத்தில் 0.85 மடங்கில் பறக்கும், அந்த உயரத்தில் அது மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர். ஆனால் இது காற்றுக்குள் அதன் வேகம். காற்றே நகர்ந்துகொண்டிருக்கும்போது தரையை வைத்துப் பார்த்தால் வேகம் மாறும்.

ஏறத்தாழ 8 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகக்காற்று வீசுகிறது. குளிர்காலத்தில் அது வலுத்து, வட இந்தியா, ஈரான் பக்கம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும் நாட்களும் உண்டு. லண்டன் போகும்போது இது முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகில் தள்ளும். இந்தக் காரணத்தால்தான் போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. பூமி சுற்றுவதால் அப்படி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அது இல்லை. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுற்றுகிறது, விமானமும் அதற்குள்தான் இருக்கிறது.

நம் பக்கத்து விசேஷம் ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் காற்று திசை மாறி கிழக்கிலிருந்து மேற்கே வீசும். வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்று என்று பெயர். 1950-களில் இதை ஆராய்ந்து உலகத்துக்குச் சொன்னவர் இந்திய வானிலை விஞ்ஞானி பி. கோடேஸ்வரம். கீழே ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும் அதே நாட்களில் மேலே விமானத்தைக் கிழக்கிலிருந்து காற்று தள்ளுகிறது. அதனால் ஜூலையில் லண்டன் கிளம்பும் விமானத்துக்கு முதல் சில மணி நேரம் காற்று சாதகமாக இருக்கும், ஜனவரியில் கிளம்பும் விமானத்துக்கு அந்த வசதி இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்று வைத்தால் தரை வேகம் 850. 8,730-ஐ 850-ஆல் வகுத்தால் 10.27, அதாவது 10 மணி 16 நிமிடம். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் வேகம் 950, நேரம் 9 மணி 11 நிமிடம்.

படி 4: கதவு மூடி கதவு திறக்கும் வரை

மேலே வந்தது சீராகப் பறக்கும் கணக்கு. விமானம் நின்ற இடத்திலிருந்து ரன்வேக்கு ஊர்ந்து போக வேண்டும், மெதுவாக மேலேற வேண்டும், மெதுவாக இறங்க வேண்டும், இறங்கியபின் மறுபடி ஊர்ந்து போக வேண்டும். இதற்கெல்லாம் 35 நிமிடம் சேருங்கள். போக 10 மணி 50 நிமிடம், திரும்ப 9 மணி 45 நிமிடம் ஆகிறது. டிக்கெட்டில் போட்டிருப்பது இந்த முழு நேரமும், அதற்கு மேல் விமான நிறுவனம் பாதுகாப்புக்காகச் சேர்த்துக்கொள்ளும் கொஞ்ச நேரமும். அதனால் போக 11 மணி நேரத்தை ஒட்டியும், திரும்ப 10-லிருந்து 10½ மணி நேரமும் என்று அட்டவணையில் பார்ப்பீர்கள். இத்தனைக்கும் நாம் போட்டது காகிதக் கணக்கு, ஆனால் அட்டவணைக்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது பாருங்கள்.

ஹீத்ரோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே இரண்டே ரன்வேக்கள், கூட்டமோ உலக அளவு. காலை நெரிசலில் வந்து சேரும் விமானங்களை லாம்போர்ன், பிகின் ஹில், போவிங்டன், ஓக்கம் என்ற நான்கு இடங்களுக்கு மேலே சுற்ற விடுவார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக ஆயிரம் அடி இடைவெளியில் விமானங்கள் வட்டம் போடும், அடியில் இருப்பது இறங்கப் போனதும் மேலே இருப்பவை ஒவ்வொரு படியாகக் கீழே வரும். உங்கள் முன்சீட்டுத் திரையில் லண்டனுக்கு அரை விரல் தூரத்தில் விமானம் நீள்வட்டமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, இதுதான் நடக்கிறது. 10, 20 நிமிடம் இதில் போகலாம்.

சென்னைப் பக்கம் தாமதம் என்றால் போகியன்று அதிகாலை. பழையது கொளுத்தும் புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்து ரன்வே தெரியாமல் போய், விமானங்கள் தாமதமான, வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்ட ஆண்டுகள் உண்டு. நவம்பர், டிசம்பர் மழையும் லேசுப்பட்டது இல்லை, 2015 டிசம்பர் வெள்ளத்தில் நிலையமே பல நாள் மூடிக்கிடந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மூடினார்கள். முடிந்தால் இந்த நாட்களைத் தவிர்த்து டிக்கெட் எடுங்கள்.

படி 5: கடிகாரத்தைத் திருப்புவது

இந்திய நேரம் குளிர்காலத்தில் லண்டனைவிட 5½ மணி நேரம் முன்னால், கோடையில் 4½ மணி நேரம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். ஒரு வழிமுறையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: முதலில் எல்லாவற்றையும் கிளம்பும் ஊர் நேரத்திலேயே கூட்டுங்கள், கடைசியில்தான் நேர வித்தியாசத்தைக் கழிக்கவோ கூட்டவோ வேண்டும். நடுவில் மாற்றினால் குழப்பம் வரும்.

காலை 5.30-க்கு சென்னையில் கிளம்பி 11 மணி நேரம் பறந்தால் இந்திய நேரம் மாலை 4.30. குளிர்காலமென்றால் 5½ கழியுங்கள், லண்டனில் காலை 11. கோடையில் பகல் 12. டிக்கெட்டில் 5.30 – 11.00 என்று பார்த்துவிட்டு ஐந்தரை மணி நேரப் பயணம்தான் என்று வீட்டுப் பெரியவர்கள் நினைத்துக்கொள்வதுண்டு, அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மாத்திரை நேரம், சாப்பாட்டு நேரம் எல்லாம் இதை வைத்துத்தான் திட்டமிட வேண்டும். திரும்பும்போது குளிர்காலத்தில் லண்டனில் பகல் 1 மணிக்குக் கிளம்பி 10 மணி நேரம் பறந்தால் அங்கே இரவு 11, இங்கே மறுநாள் விடியற்காலை 4.30. டிக்கெட்டில் ஓரத்தில் சின்னதாக +1 என்று இருப்பது அந்த மறுநாளைத்தான். அழைத்துப்போக வருகிறவர் தேதி தவறாமல் இருக்க, கிழமையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

படி 6: நேரடியா, மாறிப் போவதா

நான்-ஸ்டாப் என்றால் நடுவில் எங்கும் இறங்காது. டைரக்ட் என்று மட்டும் போட்டிருந்தால் ஒரே விமான எண், ஆனால் நடுவில் எங்காவது இறங்கி ஏறலாம். டிக்கெட் எடுக்கும்போது ஸ்டாப் எத்தனை என்ற இடத்தில் பூஜ்யம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாறிப் போனால் தூரம் எவ்வளவு கூடும்? முதல் படியின் கணக்கையே இரண்டு தடவை போட்டுக் கூட்டினால் போதும். மும்பை வழியாக 1,034 + 7,212 = 8,246. நேர்த் தொலைவைவிட வெறும் 12 கிலோமீட்டர் அதிகம், மும்பை கிட்டத்தட்ட அந்தக் கோட்டின் மேலேயே இருக்கிறது. பிராங்க்பர்ட் வழியாக ஏறத்தாழ 8,250. துபாய் வழியாக 2,933 + 5,497 = 8,430, வெறும் 200 கிலோமீட்டர் கூடுதல், அதாவது பறக்கும் நேரத்தில் கால் மணி நேரம்கூட இல்லை. தோஹா வழியாகச் சுமார் 8,530. சிங்கப்பூர் வழியாக மலிவாகக் கிடைத்தாலும் போகாதீர்கள், எதிர்த்திசையில் போய்த் திரும்புவதால் தொலைவு 13,500-ஐத் தாண்டிவிடும்.

துபாய் வழியில் பறக்கும் நேரம் இரண்டு கட்டமாக 4 மணி, 7½ மணி என்று ஏறத்தாழ 11½ முதல் 12 மணி நேரம். அப்படியிருந்தும் அந்த டிக்கெட் 15 மணி, 19 மணி, 26 மணி என்று விதவிதமாக நிற்பதற்கு நடுவில் காத்திருக்கும் நேரம்தான் முழுக் காரணம். என்னைக் கேட்டால் இரண்டிலிருந்து நான்கு மணி நேரக் காத்திருப்பு நல்லது. ஒரு மணி நேரம் என்றால் முதல் விமானம் கொஞ்சம் தாமதித்தாலும் அடுத்ததைக் கோட்டைவிடுவீர்கள், வயதானவர்களுக்கு அந்த ஓட்டம் வேண்டாம். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இதைவிட முக்கியம், இரண்டு கட்டமும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் இருக்க வேண்டும். அப்போதுதான் பெட்டி நேரே லண்டனுக்குப் போகும், முதல் விமானம் தாமதித்து அடுத்தது தவறினால் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டி வரலாம், அதற்கு அந்த நாட்டு விசா தேவைப்படலாம், தவறிய விமானத்தின் காசும் உங்களுடையது. மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் மிச்சத்துக்காக இதைச் செய்யாதீர்கள்.

படி 7: வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை

5.30 மணி விமானத்துக்கு 2.30-க்கு மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும், வீட்டிலிருந்து 1.30-க்குக் கிளம்பினீர்கள் என்று வைப்போம். லண்டன் நேரம் 11-க்கு இறங்கி, இமிக்ரேஷன் வரிசை, பெட்டி எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து ஈஸ்ட் ஹாம் போக வேண்டுமென்றால் லண்டனின் மறுகோடி, இன்னும் ஒன்றேகால் மணி நேரமாவது வேண்டும். கூட்டினால் லண்டனில் பிற்பகல் 1.45, இந்திய நேரம் இரவு 7.15. ஆக 11 மணி நேர விமானம் வாசலுக்கு வாசல் ஏறத்தாழ 18 மணி நேரம். துபாய் வழியில் 3 மணி நேரக் காத்திருப்போடு போனால் 22. இப்படி முழுசாகப் பார்க்கும்போது நேரடிக்கும் மாறிப் போவதற்கும் உள்ள வித்தியாசம் 4 மணி நேரம்தான், அதற்கு எவ்வளவு பணம் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று நீங்கள் முடிவு செய்யலாம்.

திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைக்காரர்கள் சென்னை வந்துதான் போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். திருச்சியிலிருந்து கொழும்பு சுமார் 420 கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பறப்பு. கொழும்பிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் உண்டு, 8,710 கிலோமீட்டர். மொத்தம் 9,130. சென்னை வழியாகப் போனால் சுமார் 8,530. கொழும்பு வழி 600 கிலோமீட்டர் நீளம். ஆனால் சென்னைக்கு வர ரயிலில் 5, 6 மணி நேரம், ரயில் சரியான நேரத்துக்கு இல்லாவிட்டால் முந்தின நாளே வந்து தங்க வேண்டும், ஆட்டோ, அறை வாடகை வேறு. கனெக்ஷன் சரியாக அமைந்தால் நீளமான கொழும்பு வழியே சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும். மதுரைக்காரர்களும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

தாமதமானால்

முதல் படியில் போட்ட பெருவட்டக் கணக்குக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. பிரிட்டனின் விமானப் பயணி உரிமைச் சட்டம் இழப்பீட்டைத் தீர்மானிப்பது அந்தத் தொலைவை வைத்துத்தான். 3,500 கிலோமீட்டருக்கு மேலே இருந்தால், கடைசி ஊருக்கு 4 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் 520 பவுண்டு, 3-லிருந்து 4 மணி நேரத்துக்குள் என்றால் பாதி. சென்னை-லண்டன் இந்த வரம்புக்கு வெகு மேலே. லண்டனிலிருந்து கிளம்பும்போது எந்த நிறுவனமானாலும் இது பொருந்தும், சென்னையிலிருந்து போகும்போது பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய ஒன்றிய நிறுவனமாக இருந்தால்தான் பொருந்தும். புயல், திடீரென்று மூடிய வான்வெளி போன்று நிறுவனத்தின் கையில் இல்லாத காரணங்களுக்குக் கிடைக்காது, ஆனால் விமானத்தில் வழக்கமாக வரும் கோளாறு என்றால் கேட்கலாம்.

இதில் சேர்ந்த நேரம் என்பது சக்கரம் தரையைத் தொட்ட நேரம் இல்லை, பயணிகள் இறங்க ஒரு கதவாவது திறந்த நேரம். ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. தாமதம் மூன்று மணி நேரத்தை ஒட்டி இருந்தால் கதவு திறக்கும் நிமிடத்தை போனில் குறித்துக்கொள்ளுங்கள், போர்டிங் பாஸையும் தூக்கிப் போடாதீர்கள்.